அறுபத்திரண்டும் எண்பத்திரண்டும்

டோக்கியோவில் ஒச்சனோமிசு ரயில் நிலையத்தில் இறங்கி, மெய்ஜி பல்கலைக்கழகத்தின் பக்கமாகச் சரிவில் நடந்தால் தெருவின் இரண்டு புறமும் கிடார் கடைகள். தரைத்தளத்தில் கிடார், மாடியில் கிடார், நிலவறையில் கிடார். பழைய பேஸ் கிடார்களின் விலைச்சீட்டில் செய்த வருடமும் விலையும் இருப்பது எதிர்பார்த்ததுதான். மூன்றாவதாக ஓர் எண் இருந்தது. 3.92 கிலோ, 4.15 கிலோ, 4.68 கிலோ. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, இரண்டு தசமம் வரைக்கும் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதுவரை பேஸ் கிடாரின் எடையை யாரும் எனக்கு எண்ணாகச் சொன்னதில்லை. தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் மெல்லிசைக் குழுவில் வாசித்தபோது அது தோளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. குழுவுக்குச் சொந்தமாக ஒரு பேஸ் இருந்தது. யார் செய்தது என்று தலையில் பெயர்கூடக் கிடையாது. கோயில் திருவிழாவில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேடையேறினால் கூட்டம் கலையும்வரை இறங்க முடியாது. இளையராஜா பாட்டு என்றால் பேஸ் வாசிப்பவனுக்குச் சும்மா நிற்கும் நேரமே இல்லை. பாடகர் ஒரு பக்கம் பாட, பேஸ் தன்பாட்டுக்கு இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அந்தக் கிடாரோ கையை எடுத்ததும் நெக் கீழே சரியும். என் இடது கை பாதி நேரம் வாசிக்கும், மீதி நேரம் சுமக்கும். பேஸ் கிடார் என்றாலே இப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

வேலைக்காக டோக்கியோ வந்து நிஷி-கசாயில் குடியேறிய பிறகுதான் வேறு மாதிரியும் பேஸ் உண்டு என்று தெரிந்தது. நிஷி-கசாயில் நம் ஆட்கள் நிறைய. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாசிக்க ஒரு சின்னக் குழு சேர்ந்தோம். சனிக்கிழமைகளில் டோசாய் லைனில் குதான்ஷிதா வரை போய், அங்கிருந்து ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி ஒச்சனோமிசு மேட்டுக்கு நடப்பேன். அந்தக் கடைகளுக்கு ஒரு மரியாதை உண்டு. சுவரில் தொங்குவதை நாமே எடுக்கக் கூடாது. கேட்டால் கடைப் பையன் இறக்கி, சுருதி சேர்த்து, ஆம்பில் சொருகி, ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் கையில் தருவான். பெல்ட் பக்கிள் பாடியில் உரசாமல் இருக்க ஒரு துணியும் வரும்.

அப்படி வாங்கியதுதான் என் பேஸ். ஃபெண்டர் பிரிசிஷன். 1962-ஆம் வருட மாடலின் மறுபதிப்பு, ஜப்பானில் செய்தது, ஜே.வி. என்று தொடங்கும் வரிசை எண். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் குழு ஒத்திகைக்கு எடுக்கும் ஸ்டுடியோவில் பக்கத்து அறைக்கு ஒரு பெரியவர் வருவார். பணி ஓய்வு பெற்றவர்; வாரம் ஒருநாள் பழைய நண்பர்களோடு ஃபங்க் வாசிப்பார். அவர் கையில் இருந்தது அசல் 1962 பிரிசிஷன். எழுபதுகளில் வாங்கினாராம். அப்போது அது வெறும் பழைய கிடார், அவ்வளவுதான். இன்று அதே தெருவில் அதே வருடத்துக்கு பத்து லட்சம் யெனைத் தாண்டி விலை எழுதுகிறார்கள். என் கிடாரின் தலையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாமே என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர்க்காரரின் பட்டறையில் அது நடந்தது. ஒருநாளில் முடியவில்லை, ஒரு குளிர்காலத்தில் ஆரம்பித்து அடுத்த கோடை வரை இழுத்தது.

இரண்டும் எப்படி ஒரே முகத்தோடு பிறந்தன என்பதற்கு ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் முதல் பிரிசிஷன் பேஸை 1951-இல் கொண்டுவந்தார். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். அதில் ஃப்ரெட் என்னும் குறுக்குக் கட்டைகள் கிடையாது. இதில் ஃப்ரெட் இருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். 1957-இல், கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப்பை மாற்றி இரண்டு துண்டாக்கினார்கள். இன்றுவரை அந்த வடிவம்தான். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலர் கொடுத்து ஃபெண்டரை வாங்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றை அதற்கு முந்தையவற்றோடு ஒப்பிட்டு, 'பழசு போல வராது' என்று வாசிப்பவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். எழுபதுகளில் ஜப்பான் தொழிற்சாலைகள் அந்தப் பழைய மாடல்களை அங்குலம் பிசகாமல் நகலெடுத்து, குறைந்த விலைக்கு விற்றன. தன் பழைய கிடாரை இன்னொருவர் செய்து விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் தானே செய்வது மேல் என்று ஃபெண்டருக்குத் தோன்றியது. 1982-இல் அமெரிக்காவில் 57, 62 மாடல்களின் மறுபதிப்பு வந்தது. அதே வருடம் ஃபெண்டர் ஜப்பான் என்ற கூட்டு நிறுவனமும் பிறந்தது. செய்து கொடுத்தது நாகானோ மாகாணத்தின் மாட்சுமோட்டோவில் உள்ள ஃபூஜிகென். நேற்றுவரை நகல் எடுத்த கைகளுக்கே அசல் முத்திரை கிடைத்தது. அந்தக் காலத்து ஜப்பான் மாடல்களின் பெயருக்குப் பின்னால் ஓர் எண் வரும். 115 என்றால் 1,15,000 யென். விலையைப் பெயரிலேயே எழுதி வைத்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

முதலில் எடை. ரிப்பேர்க்காரரிடம் தராசு இருந்தது. பெரியவருடையது 3.9 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, என்னுடையது கொஞ்சம் மேலே. இருபது வருட இடைவெளியில் இரண்டு நாடுகளில் செய்த கிடார்களுக்கு இடையே ஒரு தேநீர்க் கோப்பை அளவு கூட வித்தியாசமில்லை. எடை வருடத்தைவிட மரத்தைப் பொறுத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் சன்பர்ஸ்ட் வண்ணத்துக்கு ஃபெண்டர் பயன்படுத்தியது ஆல்டர், நடுத்தர எடை. எழுபதுகளில் கனமான ஆஷ் மரம் நிறைய வந்தது. அந்தப் பாடிகள் சில ஐந்து கிலோவை எட்டும். பின்னாளில் வந்த ஜப்பான் மறுபதிப்புகளில் பல பாஸ்வுட். அது ஆல்டரைவிட லேசு. ஆக 'விண்டேஜ்' என்ற சொல் எடையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. 1962-உம் விண்டேஜ்தான், 1976-உம் விண்டேஜ்தான். ஒன்று தோளில் இருப்பதே தெரியாது. இன்னொன்று இடைவேளை எப்போது வரும் என்று கேட்கவைக்கும்.

எடையைவிட முக்கியம் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. ரிப்பேர்க்காரர் இரண்டு கிடாரையும் ஸ்ட்ராப்பில் மாட்டச் சொல்லி, இரண்டு கையையும் எடுக்கச் சொன்னார். இரண்டும் நெக் லேசாக மேல்நோக்கி இருக்க, அப்படியே நின்றன. காரணம் அந்த நீண்ட மேல் கொம்பு. 34 அங்குலக் கம்பி நீளத்தில் 12-ஆம் ஃப்ரெட் சரியாகப் பாதி வழி. பிரிசிஷனின் மேல் கொம்பு ஏறக்குறைய அந்த 12-ஆம் ஃப்ரெட் வரைக்கும் நீள்கிறது. அதன் நுனியில் ஸ்ட்ராப் பட்டன். பாடியின் அடியில் இன்னொரு பட்டன். கிடாரின் கனமையம் இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்தால் அது நம்மோடு நிற்கும். மேல் பட்டன் பாடிக்குள்ளேயே ஒடுங்கிவிட்டால் நெக்கின் நீளம் வெல்லும். ஒரு பக்கம் மட்டும் பாரம் கட்டிய காவடி மாதிரி.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க கிப்சனின் தண்டர்பேர்டைப் பார்க்க வேண்டும். 1963-இல் வந்தது, வரைந்தவர் கார் வடிவமைப்பாளர் ரே டீட்ரிக். வழக்கமான வடிவத்தைத் திருப்பிப் போட்டு, கீழ்ப் பக்கக் கொம்பை நீட்டி, மேல் பக்கத்தைக் குறுக்கினார். பார்க்க இறக்கை விரித்த பறவை. ஆனால் மேல் பட்டன் வைக்க 12-ஆம் ஃப்ரெட் பக்கத்தில் மரமே இல்லை. நெக் தாழும் என்பது அதை வாசிப்பவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்ட விஷயம். 1976-இல் அதற்கு மறுபதிப்பு வந்தது, பிறகும் வந்துகொண்டிருக்கிறது. வடிவம் அதுவே என்பதால் சாய்வும் அதுவே. பிக்கப்பை மட்டும் பிற்காலத்தில் மாற்றினார்கள். அறுபதுகளில் உலோக மூடி போட்டவை இருந்த இடத்தில் கறுப்பு மூடிக்குள் செராமிக் காந்தம் வந்தது. வாங்குபவர் கண்ணுக்காக எதைக் காப்பாற்றினார்கள், எதை மாற்றத் துணிந்தார்கள் என்று பார்த்தால் மறுபதிப்பின் கணக்கு புரியும். வடிவத்தைத் தொட்டால் அது தண்டர்பேர்டே அல்ல. தோள்வலி படத்தில் தெரியாது.

எங்கள் இரண்டு பிரிசிஷனுக்கும் ஒரே வடிவம் என்பதால் சாய்வில் வித்தியாசம் வர ஒரே இடம்தான்: தலை. ரிப்பேர்க்காரர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய பாணி ட்யூனிங் கீ, அந்தப் பெரிய காது வைத்தது, கனமானது. இப்போது கிடைக்கும் லேசான கீ அதில் ஏறக்குறைய பாதி எடை. நான்கையும் மாற்றினால் தலையில் 200 கிராம் வரை குறையும். மேல் பட்டனிலிருந்து தலை அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. பாடியின் நடுப்பகுதியோ அதில் பாதி தூரம்தான். எனவே தலையில் 200 கிராம் எடுப்பதும் பாடியில் 400 கிராம் சேர்ப்பதும் சமநிலைக்கு ஒன்றேதான். ஒன்றில் கிடார் லேசாகும், மற்றதில் கனக்கும். இதைக் கேட்டதும் கோயம்புத்தூர் மேடைகள் எனக்கு ஞாபகம் வந்தன. அந்தப் பெயரில்லாத கிடாரை யாராவது நான்கு கீ மாற்றிக் காப்பாற்றியிருக்கலாம்.

பிறகு பிக்கப். இங்கேதான் பழசுக்கும் புதுசுக்கும் பெரிய சண்டை. பிரிசிஷன் பிக்கப் இரண்டு துண்டு. தடித்த இரண்டு கம்பிகளுக்கு ஒன்று, மெல்லிய இரண்டுக்கு ஒன்று. ஒரு துண்டின் காந்தம் வடக்கு மேலாக இருந்தால் மற்றதில் தெற்கு. கம்பிச் சுற்றும் எதிர்த் திசை. கரண்டிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அடித்துக்கொண்டு போய்விடும். கிடார் கம்பியின் ஒலி மட்டும் சேர்ந்து வரும். ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தத்துக்குப் பதில் இரண்டு. கம்பி இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது. அதனால் பலமாக அடித்தாலும் ஒலி முள்ளாகக் குத்தாது. தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிச் செய்வது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கம்பிக்கு ஃபார்ம்வார் பூச்சு. 1964 வாக்கில் எனாமல் பூச்சு. மனிதக் கை வழிநடத்திச் சுற்றியது என்பதால் ஒரே நாளில் செய்த இரண்டு பிக்கப்கூட ஒன்றுபோல் இருக்காது.

பெரியவரின் கிடாரில் எதையும் கழற்றக் கூடாது என்பது எழுதாத விதி. தொழிற்சாலையில் வைத்த சாலிடரை உருக்கினால் விலையில் பெரிய துண்டு விழும். மேல் தகட்டை மட்டும் திறந்து, ஒலிக் குமிழுக்குக் கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் முதுகில் பொறித்த எண்ணைப் படித்தோம். முதல் மூன்று இலக்கம் 304, ஸ்டாக்போல் நிறுவனத்துக்கு உரியது. அடுத்த இரண்டு வருடம். கடைசி இரண்டு வாரம். வருடம் 62 என்றிருந்தது. பிறகு மூடிவிட்டு, கேபிள் சொருகும் துளை வழியாகவே மல்டிமீட்டரில் அளந்தோம். ஒலிக் குமிழைக் கடைசிவரை திறந்து வைத்தால் பிக்கப்பும் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் இணையாகத் தெரியும். 10.5 கிலோ ஓம் பிக்கப் இப்படி அளந்தால் 10.1 என்று காட்டும். அதைத் திருப்பிக் கணக்கிட்டுக்கொள்ளலாம். எதையும் உருக்க வேண்டாம்.

குளிர்காலத்தில் பெரியவருடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. ஆகஸ்டில் அவருடையதை மட்டும் அளந்தபோது என்னுடைய ஜனவரிக் கணக்கை அது தாண்டிவிட்டது. பிக்கப் அப்படியே இருந்தது, வெயில்தான் வந்திருந்தது. தாமிரத்தின் மின்தடை 10 டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும், 10.5 என்பது 10.9 ஆகும். பழைய பிக்கப்பின் மாயம் இந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்லி விற்பவர்கள் எந்த மாதத்தில் அளந்தது என்று சொல்வதில்லை.

எண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் பார்த்தோம். பெரியவரின் பிக்கப் கம்பியிலிருந்து வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. பிக்கப்பைக் கீழிருந்து மேலே தள்ள ஒரு நுரைத் துண்டு வைத்திருப்பார்கள். அது அத்தனை வருடத்தில் பொடியாகிவிட்டது. அவர் பேஸின் அந்த மென்மையான, உருண்டையான ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். அல்னிகோ காந்தம் சும்மா இருந்தால் அறுபது வருடத்தில் பெரிதாக இளைத்துவிடாது. நுரை இளைக்கும். என் பிக்கப்பின் திருகை நான்கைந்து சுற்று இறக்கியதும் என் கிடாருக்கும் பாதி வயது வந்துவிட்டது.

அதன் பிறகுதான் நியாயமான போட்டி வைக்க முடிந்தது. இரண்டுக்கும் ஒரே வகை, ஒரே தடிமன் ஃப்ளாட்வவுண்ட் கம்பி, மேற்சுற்று தட்டையானது. பிக்கப் உயரம் ஒரே அளவு. ஒரே கேபிள், ஒரே ஆம்ப். ஒலியளவையும் சமன் செய்தோம். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது எப்போதும் சொல்லும், அதற்கு இடம் தரக் கூடாது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் முதுகைத் திருப்பி உட்கார்ந்தோம். எங்கள் டிரம்மர் தம்பியையும் இழுத்து வந்திருந்தேன். பெரியவர் தன் கிடாரை உடனே அடையாளம் காண்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சில முறை கண்டார், சில முறை என்னுடையதைத் தன்னுடையது என்றார். அதற்கு அவரே வாய்விட்டுச் சிரித்தார். தம்பி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. ஒத்திகைக்கு நேரமாச்சு, ஏதாவது ஒண்ணத் தூக்குங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாசிப்பவன் கைக்கு ஒரு வித்தியாசம் மிஞ்சியது. நீண்ட மேப்பிள் நெக் வைத்த பேஸ்களில் ஜி கம்பியில் 5-க்கும் 7-க்கும் இடையே ஏதோ ஓர் ஃப்ரெட்டில் ஒலி சீக்கிரம் செத்துவிடும். நெக்குக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. கம்பியின் சுரம் அதோடு ஒத்துப்போனால் கம்பியின் ஆற்றலை நெக் குடித்துவிடுகிறது. பிக்கப்புக்கு மிச்சம் இல்லை. பெரியவரின் கிடாரில் அது 5-இல் இருந்தது, என்னுடையதில் 6-இல். ரிப்பேர்க்காரர் என் கிடாரின் தலையில் ஒரு சின்ன இரும்புக் கவ்வியை மாட்டினார். செத்த இடம் கீழே நகர்ந்தது. எடை கூடினால் நெக்கின் அதிர்வெண் குறையும், அதனால் நகர்கிறது. கவ்வியை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தது.

எனக்கு விஷயம் பிடிபட்டது அந்தக் கவ்வியால்தான். லேசான கீ போட்டால் தோளுக்கு நல்லது என்று பேசினோமே, அதே 200 கிராம் நெக்கின் அதிர்வெண்ணை உயர்த்தி, செத்த சுரத்தை மேலே தள்ளும். அது அதிகம் தொடாத இடத்துக்குப் போனால் லாபம். அடிக்கடி நிற்கும் சுரத்தில் போய் விழுந்தால் தோளுக்குக் கிடைத்ததைப் பாட்டிலிருந்து கொடுக்க வேண்டும். சமநிலை ஒரு கேள்வி, பிக்கப் இன்னொரு கேள்வி என்று தனித்தனியாகத் தராசில் வைக்க முடியாது. பிக்கப் கேட்பது கம்பியை. கம்பி கட்டியிருப்பது நெக்கில். நெக்கின் நுனியில் தொங்குவது எடை. மறுபதிப்பு செய்பவர்கள் அங்குலத்தையும் கம்பிச் சுற்றையும் நகலெடுக்கலாம். இரண்டு மேப்பிள் துண்டுகளின் விறைப்பை ஒன்றாக்க முடியாது. அது 1962-இலும் முடியாதுதான். பெரியவருடைய கிடாரோடு அதே வாரத்தில் செய்த இன்னொரு 62 எங்களிடம் இருந்திருந்தால், அதுவும் வேறு ஓர் ஃப்ரெட்டில் செத்திருக்கலாம். பழசுக்கும் மறுபதிப்புக்கும் நடுவே நாங்கள் தேடிய தூரம் ஒரு பழசுக்கும் இன்னொரு பழசுக்கும் நடுவிலேயே இருக்கிறது.

ஃபிங்கர்போர்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது எனக்கு நெருக்கமானது. பெரியவருடையது பிரேசில் ரோஸ்வுட். 1992-இலிருந்து அந்த மரத்தின் சர்வதேச வணிகத்துக்குத் தடை. கிடாரை நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கே தாள்கள் வேண்டும். என் கிடாரில் இருந்ததைக் காட்டி, இந்திய ரோஸ்வுட் என்றார் ரிப்பேர்க்காரர். எங்கள் கூடலூர்ப் பக்கத்து ஈட்டி மரம். எஸ்டேட் வேலிகளில் நின்றுகொண்டிருக்கும். பட்டா நிலத்தில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 1994-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே வந்தது. சின்ன வயதில் அந்த மரத்தை லாரிகளோடும் வனத்துறை செக்போஸ்ட்டுகளோடும் சேர்த்துத்தான் தெரியும். அதன் நெஞ்சுக்கட்டை உலகம் முழுக்கப் பேஸ் வாசிப்பவர்களின் விரலுக்குக் கீழே ஓடுகிறது என்று மாட்சுமோட்டோவில் செய்த ஒரு கிடார் சொன்னது. இரண்டு ரோஸ்வுட்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த முதுகு திருப்பிய போட்டியில் ஒருவர்கூட மரத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை.

பெரியவரின் வீட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகள் அலமாரி நிறைய. அவருக்குத் தெய்வம் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோட்டவுனின் சின்ன ஸ்டுடியோவில் அறுபதுகளில் பதிவான பாட்டுகளின் பேஸ் பெரும்பாலும் அவர் ஒருவர் விரல்தான், அதுவும் ஒற்றை ஆள்காட்டி விரல். கிடார் 1962 பிரிசிஷன். அந்த ஒலிக்காகத்தான் உலகமே 62 தேடுகிறது. ஒரு மாலை அந்தத் தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் வருடங்களை எண்ணினோம். பாட்டு பதிவானது 1964, 65, 66. கிடார் செய்தது 62. அப்படியானால் ஜேமர்சன் வாசித்தபோது அந்தக் கிடாரின் வயது இரண்டு, மூன்று, நான்கு. காந்தம் புதுசு, மரம் புதுசு, நுரை புதுசு. பழசாக இருந்தது ஒன்றுதான்: கம்பி. அறுந்தால் ஒழிய அவர் ஃப்ளாட்வவுண்ட் கம்பியை மாற்ற மாட்டார் என்பது ஊரறிந்த கதை. நாம் விண்டேஜ் ஒலி என்று காதில் வைத்திருப்பது புதுக் கிடாரில் பழைய கம்பி எழுப்பிய ஒலி. அந்த வயதில் அந்தக் கிடார் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அறுபது வருடம் ஆன அசலைவிட, நேற்றுச் செய்த மறுபதிப்பே பக்கத்துச் சொந்தம். 1983-இல் ஜேமர்சன் இறப்பதற்குச் சில நாள் முன்பு அவருடைய கிடார் திருடு போனது. அதே காலத்தில்தான் கலிபோர்னியாவிலும் மாட்சுமோட்டோவிலும் புது 62-கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

பெரியவர் இதை ஒப்புக்கொண்டார், ஆனால் கிடாரை மாற்றிக்கொள்ள அவருக்கு மனமில்லை. கேட்கவும் எனக்கு உரிமையில்லை. இளம் வயதில் மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கியது. அதன் பாடியின் மேல் விளிம்பில் அவர் முன்கை தேய்த்த இடத்தில் வண்ணம் போய் வெறும் மரம் தெரிகிறது. அந்தத் தேய்மானத்தைத் தொழிற்சாலையிலேயே செய்து, அதற்குத் தனி விலை வைத்து விற்கவும் செய்கிறார்கள். அதைக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லாமல், எனக்கு இன்னொரு தேநீர் ஊற்றினார். அவர் கிடாரின் மதிப்பில் ஒரு பங்கு மரத்துக்கு, ஒரு பங்கு சந்தைக்கு, மீதியெல்லாம் அவருக்கு. அந்தக் கடைசிப் பங்கைச் சுவரில் தொங்கவிட்டு விற்க முடியாது. வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார் என்பதுதான் இந்த வியாபாரத்தின் வேடிக்கை.

இதற்குள் என் கிடாருக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. ஜே.வி. வரிசை எண் இருந்தால் ஒச்சனோமிசுவில் இப்போது தனி அலமாரி, தனி விலை. மறுபதிப்பு என்று வாங்கியது விண்டேஜ் என்ற பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. நான் அதில் லேசான கீ போட்டேன். நெக் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கிறது. செத்த சுரம் 6-இலிருந்து 7-ஐ ஒட்டி நகர்ந்தது. நாங்கள் வாசிக்கும் பாட்டுகளில் அந்த சுரத்தை டி கம்பியில் எடுத்துக்கொள்கிறேன். பழைய கீ நான்கும் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கழற்றியதால் விலை குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இரண்டு மணி நேரப் பொங்கல் நிகழ்ச்சியில் அந்தக் கீயைச் சுமக்கப்போவது வாங்குபவரில்லை.

ஊரிலிருந்து வரும் பையன்கள் பேஸ் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போவதுண்டு. பழசு வாங்கலாமா, ரீஇஷ்யூ போதுமா என்று முதலில் கேட்பார்கள். நான் ஒரு வரிசை சொல்வேன். ஸ்ட்ராப் கேட்டு மாட்டு, உட்கார்ந்து வாசித்து வாங்காதே. கையை எடு, நெக் எங்கே நிற்கிறது என்று பார். ஜி கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மேலே போய் எது சீக்கிரம் சாகிறது என்று கேள். பிக்கப் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கம்பி என்ன வகை என்று பார்த்து, அவற்றால் வரும் ஒலியை மனத்தில் கழித்துவிடு. அதே மாடலில் இன்னொன்று தொங்கினால் அதையும் இறக்கச் சொல். இத்தனைக்கும் பிறகு விலைச்சீட்டைத் திருப்பி வருடத்தைப் பார்க்கலாம். போன முறை வந்த பையன் இப்படிப் பார்த்து எடுத்தது போன வருடம் செய்த ஒரு மறுபதிப்பு. பக்கத்தில் தொங்கிய எழுபதுகளின் அசல் 4.7 கிலோ. அவனுக்கு அதைத் தூக்கிக் கொடுத்த கடைப் பையனே, திரும்ப மாட்டும்போது ஒரு முறை தோளைத் தேய்த்துக்கொண்டான்.